தீவு விடுதிக்குச் சூரிய மின்சாரம்: பேனலுக்கு முன் செய்ய வேண்டியதும் பின் செய்ய வேண்டியதும்

ஜெனரேட்டரை முக்கால்வாசிச் சுமையில் ஓட்டினால் ஒரு லிட்டர் டீசலில் 3.5 யூனிட் வரை மின்சாரம் கிடைக்கும். விருந்தினர் உறங்கிய பின்னிரவில் சுமை பத்துப் பதினைந்து சதவீதத்துக்கு இறங்கும்போது அதே லிட்டரில் 2 யூனிட் சொச்சம்தான் வரும். மின்கம்பி எட்டாத தீவில் விடுதி நடத்துவோர் இந்த வேறுபாட்டிலிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும். பகலில் பேனலிலிருந்து நேராகச் செலவாகும் யூனிட் மலிவு. பேட்டரிக்குள் போய்த் திரும்பும் யூனிட்டுக்குப் பேட்டரியின் விலையும் தேய்மானமும் சேர்கின்றன. பின்னிரவில் ஜெனரேட்டர் தரும் யூனிட்தான் எல்லாவற்றிலும் மோசம்.

ஆகவே முதலில் வீணாவதை நிறுத்துங்கள். அடுத்து, இரவில் நடக்கும் வேலைகளில் பகலுக்கு நகரக்கூடியவற்றை நகர்த்துங்கள். அதற்குப் பிறகு மிஞ்சும் சுமைக்கே பேனலும் பேட்டரியும். இந்த வரிசையைப் புரட்டிப்போட்டு முதலில் பேனல் வாங்கிய இடங்களில், நடுப்பகலில் வெயில் வீணாகிறது, இரவில் டீசல் எரிகிறது.

முதலில் அளவெடுங்கள்

முதன்மை மின்பலகையிலிருந்து பிரியும் ஒவ்வொரு இணைப்புக்கும் தனி மீட்டர் பொருத்தி, 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவாகும்படி இரண்டு வாரம் விடுங்கள். விருந்தினர் அறைகள், சமையலறை, குளிர்பதன அறைகள், சலவை, குடிநீர் ஆலை, நீச்சல்குளம், ஊழியர் குடியிருப்பு, வெளிவிளக்குகள் என்று பிரித்தால் போதும். கூடவே அன்றன்று எத்தனை அறைகளில் ஆள் இருந்தார்கள் என்பதையும் எழுதி வையுங்கள். மொத்த யூனிட்டை அந்த எண்ணால் வகுத்தால் வருவதுதான் மாதாமாதம் ஒப்பிட்டுப் பார்க்கத் தகுந்த அளவு. வெறும் மாத மொத்தத்தை மட்டும் பார்த்தால், கூட்டம் குறைந்த மாதத்தைச் சிக்கனமான மாதம் என்று தவறாக எண்ண நேரும்.

பதிவில் முதலில் பார்க்க வேண்டியது அதிகாலை 3 மணிச் சுமை. அந்த நேரத்தில் அறை ஏ.சி.யும் குளிர்பதனப் பெட்டிகளும் தவிர வேறு எதற்கும் பெரிய வேலை இல்லை. அவற்றைக் கழித்தும் சுமை மிஞ்சினால், கம்பியைக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரோடு ஒரு சுற்று நடந்து தேடுங்கள். காலி அறையில் ஓடும் ஏ.சி., முழு வேகத்தில் சுற்றும் குளத்துப் பம்பு, ஆளில்லாத கூட்ட அரங்கின் குளிரூட்டல், இரவெல்லாம் நீரைச் சூடாகவே வைத்திருக்கும் கீசர்கள், அணைக்காத புகைபோக்கி மின்விசிறிகள் ஆகியவைதான் வழக்கமாக அகப்படும். நாள் முழுதும் சும்மா ஓடும் 10 கிலோவாட்டை நிறுத்தினால் நாளுக்கு 240 யூனிட், அதாவது ஏறக்குறைய 70 லிட்டர் டீசல் மிச்சம். இதற்குப் பேனல் ஒன்றுகூட வேண்டியதில்லை.

குளிரூட்டல்

வெப்பத் தீவுகளில் பெரும்பகுதி மின்சாரம் இங்கேதான் போகிறது. பெரும்பகுதித் தவறுகளும் இங்கேதான் நடக்கின்றன. முதலில் கூரையையும் மேற்குச் சுவரையும் கவனியுங்கள். கூரைக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு, அதன் கீழே காப்புப் பலகை, மேற்குக் கண்ணாடிக்கு வெளிப்புற நிழல். திரைச்சீலை அறைக்குள்ளே இருப்பதால், வெப்பம் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகே அதில் படுகிறது. வெளித் தட்டியோ தாழ்வாரமோ வெயிலைக் கண்ணாடிக்கு முன்பே தடுத்துவிடும்.

தெர்மோஸ்டாட்டை ஒரு டிகிரி உயர்த்தினால் ஏ.சி.யின் செலவு ஏறக்குறைய 5 முதல் 6 சதவீதம் குறையும். 22 டிகிரியில் பழகிய விருந்தினரிடம் 26 வைக்கச் சொன்னால் முகம் சுளிப்பார். அறையில் நல்ல மின்விசிறி இருந்தால் சுளிக்க மாட்டார். பழைய விசிறி 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத) மோட்டார் விசிறிக்கு 30 வாட் போதும், சத்தமும் குறைவு.

அறை காலியானதும் ஏ.சி. அணைய வேண்டும் என்பதற்காகச் சாவி அட்டை மாட்டும் சுவிட்சை வைக்கிறார்கள். விருந்தினர் இரண்டாவது அட்டையையோ பழைய முகவரி அட்டையையோ அதில் செருகிவிட்டுப் போவது எங்கும் நடப்பதுதான். கதவில் ஒரு காந்தத் தொடுவி, அறைக்குள் ஓர் ஆள் உணரி, இரண்டையும் இணைத்த கட்டுப்பாடு வைத்தால் ஏமாறாது. பால்கனிக் கதவு இரண்டு நிமிடத்துக்கு மேல் திறந்திருந்தால் ஏ.சி. நிற்கும்படியும் அதிலேயே அமைக்கலாம்.

ஆனால் காலி அறையில் ஏ.சி.யை நாள்கணக்கில் முழுதாக அணைத்துவிடாதீர்கள். கடற்காற்றின் ஈரம் மெத்தையிலும் சுவரிலும் ஏறி, சில நாளில் பூஞ்சையும் முடைநாற்றமும் வந்துவிடும். பிறகு அதை விரட்ட ஏ.சி.யை 20 டிகிரியில் ஓட்டுவார்கள். சேமித்தது அதோடு போயிற்று. காலி அறைக்கு 28 டிகிரி வைத்து, ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டும்போது மட்டும் உலர்த்தும் முறையில் ஓடும்படி அமைப்பதே சரி. குளியலறைப் புகைபோக்கி விசிறிக்கு டைமர் கட்டாயம். அது வெளியேற்றும் ஒவ்வொரு கன மீட்டர் குளிர்ந்த காற்றுக்கும் ஈடாக அதே அளவு ஈரக்காற்று கதவிடுக்கு வழியே உள்ளே நுழைகிறது.

ஏ.சி.யின் வெளிப்பெட்டியை உப்பு தின்னும். செப்புக் குழாயும் அலுமினியத் தகடும் தொடும் இடத்தில் உப்பீரம் பட்டால் தகடு பொடியாக உதிர்ந்து, வெப்பம் வெளியேற வழியின்றி கம்ப்ரசர் கூடுதலாக இழுக்கும். வாங்கும்போதே எபாக்சி பூச்சுள்ள தகடு கேளுங்கள். பெட்டியைக் கடற்காற்று நேரே அடிக்காத பக்கத்தில் வையுங்கள். வாரம் ஒருமுறை நன்னீரால் கழுவுங்கள். அழகுக்காக நான்கைந்து பெட்டிகளைச் சுவரெழுப்பி ஒரே குழிக்குள் மறைத்தால், ஒன்று துப்பும் சூட்டை மற்றொன்று இழுக்கும். அதைவிடச் செடிவேலி மேல்.

கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கடல் சட்டென்று ஆழமாகும் தீவுகளுக்கு வேறொரு வழியும் உண்டு. பிரெஞ்சு பாலினீசியாவின் போரா போரா தீவில் ஒரு விடுதி 2006 முதல் சுமார் 900 மீட்டர் ஆழத்திலிருந்து 5 டிகிரிக் குளிர்நீரை எடுத்து, வெப்ப மாற்றி வழியே அறைகளைக் குளிர்விக்கிறது. ஓடுவது பம்பு மட்டும். குழாய் போடும் முதல் செலவு மிகப் பெரியது என்பதால், நிறைய அறைகள் உள்ள இடத்துக்கே கட்டுப்படியாகும்.

மின்சாரத்துக்குப் பதில் தண்ணீரையும் சூட்டையும் குளிரையும் சேமியுங்கள்

இதுதான் வேலையின் மையம். 40 அறை விடுதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 40 கன மீட்டர் நன்னீர் தேவை என்று வைத்தால், ஆற்றல் மீட்பு சாதனம் உள்ள கடல்நீர் ஆர்.ஓ. ஆலை (கடல்நீரைச் சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரிப்பது) கன மீட்டருக்கு 4 யூனிட் வீதம் 160 யூனிட் எடுக்கும். மீட்பு சாதனம் இல்லாத சிறிய பழைய ஆலை இதைப்போல் இரு மடங்குக்கு மேலும் எடுக்கும். சவ்வைத் தாண்டாமல் வெளியேறும் உப்புநீரில் 50, 60 பார் அழுத்தம் அப்படியே இருக்க, அது வால்வில் வீணாகிறது. ஆலையை மாற்றும் வாய்ப்பு வந்தால் மீட்பு சாதனம் இல்லாத எதையும் வாங்காதீர்கள்.

அந்த ஆலை 24 மணி நேரமும் மெல்ல ஓடினால் பாதிக்கு மேல் நல்ல வெயில் இல்லாத நேரத்தில் ஓடுகிறது. அதே நீரைக் காலை 9 முதல் மாலை 4 வரை ஏழு மணி நேரத்தில் எடுக்க மணிக்கு 6 கன மீட்டர் ஆலை வேண்டும். இரண்டு நாள் நீரைத் தாங்க 80 கன மீட்டர் தொட்டி வேண்டும். இப்படி நகரும் சுமை 110 யூனிட் போல. அதைப் பேட்டரியில் சேர்ப்பதென்றால் 140 யூனிட் கொள்ளளவு வாங்க வேண்டியிருக்கும். தொட்டி முப்பது வருடம் நிற்கும், பேட்டரி நிற்காது. கவனிக்க வேண்டியது ஒன்று: ஆலையை நிறுத்தும்போதெல்லாம் சவ்வுகளைத் தயாரித்த நன்னீரால் அலசிவிட வேண்டும். உப்புநீர் உள்ளேயே தேங்கினால் சவ்வில் உப்புப் படிவும் கிருமிப் படலமும் கட்டும். தானாக அலசும் வால்வு இருக்கட்டும். ஆளை நம்பினால் விடுமுறை நாளில் விட்டுப்போகும். அதேபோல், மேகம் வந்து போகும்போதெல்லாம் ஆலையை நிறுத்தி ஓட்டக் கூடாது. நாளுக்கு ஒரு தொடக்கம், ஒரு நிறுத்தம் என்றிருந்தால் சவ்வும் பம்பும் நீடிக்கும்.

வெந்நீருக்கும் இதே வழி. 80 பேருக்குத் தலைக்கு 50 லிட்டர் என்றால் 4,000 லிட்டர். அதை 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 154 யூனிட் வெப்பம் தேவை. மின் கீசர் இந்த 154 யூனிட்டையும் மின்சாரமாகவே கேட்கும். காற்றிலுள்ள வெப்பத்தை நீருக்கு ஏற்றும் வெப்பப் பம்பு 44 யூனிட் போல எடுத்துக்கொண்டு அதே வேலையைச் செய்யும், அதையும் உச்சி வெயிலில் செய்யச் சொல்லலாம். கூரையில் இடமிருந்தால் சூரிய வெந்நீர்த் தகடுகள் நல்லவைதான். ஆனால் குழாய்ப் பராமரிப்பு தெரிந்த ஆள் தீவில் இல்லாவிட்டால், பேனலோடு வெப்பப் பம்பைச் சேர்ப்பதே தொல்லை குறைந்த வழி. சேமிப்புத் தொட்டியின் சூட்டை மட்டும் 60 டிகிரிக்குக் கீழே நிரந்தரமாக வைக்காதீர்கள். வெதுவெதுப்பான தேங்கிய நீரில் லெஜியோனெல்லா கிருமி பெருகும்; குளியல் நீர்த்திவலையை மூச்சில் இழுக்கும் விருந்தினருக்கு நிமோனியா வரக்கூடும். மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. தொட்டி வாங்கும்போது நீரின் குளோரைடு அளவைச் சொல்லி வாங்குங்கள். 304 ரக எவர்சில்வர் உப்புச் சூட்டில் புள்ளி புள்ளியாக அரித்து ஒழுகும். 316எல் ரகமோ, மக்னீசியம் தண்டு பொருத்திய எனாமல் தொட்டியோ தாங்கும்.

உறைபெட்டி அறையை நண்பகலில் மைனஸ் 22 டிகிரிக்கு இறக்கி, மாலையில் மைனஸ் 18 வரை ஏற விடலாம். கம்ப்ரசருக்கு உச்ச நேரத்தில் ஓய்வு கிடைக்கும். காய்கறி, பால் வைக்கும் குளிரறையில் இதைச் செய்யாதீர்கள், பொருள் உறைந்து கெடும். ஐஸ் எந்திரம் பகலில் மட்டும் ஓடட்டும். சலவையில், உலர்த்தும் எந்திரத்துக்குப் போகுமுன் பிழியும் நேரத்தைக் கூட்டுங்கள். ஒரு லிட்டர் நீரைச் சூட்டால் ஆவியாக்க 0.65 யூனிட் அளவு வெப்பம் வேண்டும், சுழற்றிப் பிழிய அதில் சிறு பங்குகூட ஆகாது.

குளத்துப் பம்புக்கு வேகக் கட்டுப்பாடு வையுங்கள். வேகத்தை மூன்றில் இரண்டாகக் குறைத்தால் இழுக்கும் மின்திறன் மூன்றில் ஒன்றுக்கும் கீழே போகும். ஒன்றரை மடங்கு நேரம் ஓட்டி அதே நீரைச் சுற்றினாலும் செலவு பாதிக்கும் குறைவு.

விளக்குகள் எல்.இ.டி.க்கு மாறியிருக்கும் என்று நம்புகிறோம். ஆமைகள் முட்டையிடும் கரையாக இருந்தால் கடலை நோக்கிய விளக்குகள் தாழ்வாகவும் மூடாக்கிட்டும் செம்மஞ்சள் நிறத்திலும் இருக்க வேண்டும். வெள்ளொளி குஞ்சுகளைக் கடலுக்கு எதிர்த்திசையில் இழுக்கும்.

ஜெனரேட்டரோடு பேனல் சேரும்போது

இனி பேனல். ஜெனரேட்டர் நெடுநேரம் 30 சதவீதச் சுமைக்குக் கீழே ஓடினால் சிலிண்டர் சரியாகச் சூடேறாது. எரியாத டீசலும் கரியும் புகைக்குழாயில் கருப்பு எண்ணெயாக வடியும், பிஸ்டன் வளையங்கள் பிசினேறும். அதனால் இரண்டையும் சேர்த்து நடத்தும் கன்ட்ரோலர், ஜெனரேட்டர் 30 சதவீதத்துக்குக் கீழே போகாதபடி பேனல் உற்பத்தியை வெட்டும். 200 கிலோவாட் ஜெனரேட்டர், நண்பகல் சுமை 110 கிலோவாட் என்றால், 60 கிலோவாட்டை ஜெனரேட்டரே கொடுத்தாக வேண்டும். 150 கிலோவாட் பேனல் போட்டிருந்தாலும் பயன்படுவது 50தான்.

சின்ன ஜெனரேட்டராக 100 கிலோவாட்டில் ஒன்று சேர்த்தால் அதன் கீழ்வரம்பு 30, பேனலுக்கு 80 கிலோவாட் இடம் கிடைக்கும். ஆனால் ஒரு மேகம் கடக்கும் ஒரு நிமிடத்துக்குள் பேனல் உற்பத்தியில் பாதிக்கு மேல் விழக்கூடும். அடர்ந்த மேகமானால் சுமையில் பெரும்பகுதி சட்டென்று 100 கிலோவாட் எந்திரத்தின் மேல் வந்து, விடுதி முழுக்க இருண்டுவிடக்கூடும். பெரிய ஜெனரேட்டர் கிளம்பி இணையும் வரை தாங்க ஒரு பேட்டரி வேண்டும். கால் மணி நேரத்துக்கு 80 கிலோவாட் என்றால் 20 யூனிட் போதுமே என்று கணக்குப் போட்டு வாங்குவது அடிக்கடி நடக்கும் தவறு. பேட்டரிக்கு வெளியேற்ற வேகத்தில் வரம்பு உண்டு. பெரும்பாலான லித்தியம் இரும்பு பாஸ்பேட் தொகுப்புகள் கொள்ளளவின் பாதி முதல் ஒரு மடங்கு வரையான கிலோவாட்டையே தொடர்ந்து தரும். 80 கிலோவாட் வேண்டுமானால் 80 முதல் 160 யூனிட் தொகுப்பு வாங்க வேண்டும்.

அந்த அளவு பேட்டரி வந்துவிட்டால், தானே மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் உருவாக்கிப் பிடிக்கும் வகை இன்வெர்ட்டரை வாங்குங்கள். அப்போது வெயில் நேரத்தில் ஜெனரேட்டரை முழுதாக நிறுத்தலாம். ஜெனரேட்டரைப் பின்தொடர்வது மட்டுமே தெரிந்த இன்வெர்ட்டரானால் அது நின்றதும் தானும் நின்றுவிடும். இரவுக்கு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு: மாலை 6 முதல் 10 வரை ஜெனரேட்டரை 75 சதவீதச் சுமையில் ஓட்டி, உச்சத் தேவையைத் தீர்ப்பதோடு பேட்டரியையும் நிரப்புங்கள், 10 மணிக்கு நிறுத்தி விடியும்வரை பேட்டரியில் ஓட்டுங்கள். டீசல் அதன் சிறந்த சுமையில் எரிகிறது, விருந்தினர் அமைதியாக உறங்குகிறார்கள். அடைமழையில் பேனல் உற்பத்தி கால்வாசிக்கு இறங்கும் நாள்கள் வரும். அவற்றையும் பேட்டரியால் தாண்ட நினைத்தால் செலவு எல்லை மீறும்; அதற்கென்றே ஜெனரேட்டரை நல்ல நிலையில் வைத்திருங்கள்.

எவ்வளவு பேனல், எங்கே, எப்படி

வெப்ப மண்டலத் தீவில் 1 கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரி 3.5 முதல் 4.5 யூனிட் தரும். இடம், தகட்டுக்கு மட்டும் 5 சதுர மீட்டர், நடைவழியோடு 7. கூரை வெயிலில் பேனல் 60 டிகிரி தாண்டிச் சூடாகும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் உற்பத்தி குறைவதால், பேனலுக்கும் கூரைக்கும் நடுவே குறைந்தது 10 சென்டிமீட்டர் காற்று ஓட இடம் விடுங்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகில் சாய்வு பெரிதாகத் தேவையில்லை என்றாலும் 10 டிகிரிக்குக் குறைக்காதீர்கள். தட்டையாகப் போட்டால் கீழ்விளிம்பில் உப்பும் தூசியும் பட்டையாகத் தங்கும். பாதியைக் கிழக்கே, பாதியை மேற்கே சாய்த்தால் மொத்தத்தில் இழப்பு சொற்பம், பிற்பகல் 4 மணிக்கு ஏ.சி. ஏறும் நேரத்தில் உற்பத்தி கூடுதல்.

தென்னை நிழலை அலட்சியம் செய்யாதீர்கள். ஒரு மட்டையின் நிழல் வரிசையில் ஒரே பேனலில் விழுந்தாலும், தொடராக இணைந்த மற்றவற்றின் உற்பத்தியையும் அது பாதிக்கும். மரத்தை வெட்டாமல், நிழல் படும் பேனல்களைத் தனி வரிசையாகப் பிரித்து இன்வெர்ட்டரின் தனி உள்ளீட்டில் கொடுங்கள்.

வாங்கும்போது ஐ.இ.சி. 61701 உப்பு மூடுபனிச் சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள். உத்தரவாதப் பத்திரத்தைக் கடைசி வரி வரை படியுங்கள்; கடற்கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் இருந்தால் உத்தரவாதம் செல்லாது என்று பல நிறுவனங்கள் எழுதுகின்றன. போல்ட், நட்டு எல்லாம் 316 ரக எவர்சில்வர். அலுமினியச் சட்டமும் எஃகும் தொடும் இடத்தில் ரப்பர் அல்லது நைலான் வளையம் போடாவிட்டால், உப்பீரத்தில் அலுமினியம் அரிக்கும். அதே காரணத்துக்காக எர்த்துக்கு வெறும் செப்புக் கம்பியைச் சட்டத்தில் முறுக்கக் கூடாது, வெள்ளீயம் பூசிய முனையம் வேண்டும். பேனல் கம்பிகளைச் சேர்க்கும் எம்.சி.4 இணைப்பிகளில் வெவ்வேறு நிறுவனத்தவற்றை ஒன்றோடொன்று செருகாதீர்கள். பொருந்துவதுபோல் தோன்றும், உள்ளே தொடுகை சரியாக அமையாமல் சூடேறி உருகும், கூரையில் தீ பிடிக்கவும் இது ஒரு காரணம்.

புயல் வரும் கடலில் பேனலை மேலிருந்து பிடிக்கும் கிளிப்புகளை மட்டும் நம்பி நிறுத்தாதீர்கள். 2017இல் இர்மா, மரியா சூறாவளிகளுக்குப் பிறகு கரீபியத் தீவுகளில் சிதைந்த நிலையங்களில் இது தெளிவாகத் தெரிந்தது: இரண்டு பேனலை ஒரே கிளிப் பிடித்திருந்தால், ஒன்று பறந்ததும் பக்கத்துப் பேனலின் பிடியும் தளர்ந்து வரிசையே கழன்றுவிடுகிறது. சட்டத்தின் துளை வழியே போல்ட் போட்டு, தளராத பூட்டு நட்டால் இறுக்குங்கள். டார்க் ஸ்பானரால் அளந்து இறுக்கி, பேனா மையில் கோடு இழுத்துவிட்டால், பின்னால் தளர்ந்ததைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

இன்வெர்ட்டரைக் கடல் பார்த்த சுவரில் மாட்டாதீர்கள். காற்றோட்டமுள்ள நிழலறையில், உள்ளே வரும் காற்றுக்கு வடிகட்டி வைத்து மாட்டுங்கள். அறை 45 டிகிரியைத் தாண்டினால் பல இன்வெர்ட்டர்கள் தாமே திறனைக் குறைத்துக்கொள்ளும். பேட்டரி அறை 25 டிகிரியை ஒட்டியே இருக்கட்டும். அதன் தரை, புயலலை ஏறும் உயரத்துக்கு மேலே இருக்க வேண்டும். விருந்தினர் கட்டடத்திலிருந்து தள்ளியும் இருக்க வேண்டும்.

ஒப்படைக்கும் நாளில்

ஒப்பந்தக்காரர் கிளம்புமுன் மூன்று சோதனைகளை உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள். உச்சி வெயிலில் பேனல் பிரேக்கரைச் சட்டென்று அணைத்தால் விளக்கு மினுங்காமல் பேட்டரி தாங்குகிறதா? ஓடும் ஜெனரேட்டரை நிறுத்தினால் இன்வெர்ட்டர் தானே பிடிக்கிறதா? எல்லாம் இருண்ட நிலையிலிருந்து, அவர் உதவியின்றி உங்கள் ஆளே மறுபடி எழுப்ப முடிகிறதா? மூன்றாவதில் தடுமாறினால் மிச்சப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

கன்ட்ரோலரின் நிர்வாகக் கடவுச்சொல், உண்மையில் கட்டியபடியான மின்வரைபடம், ஒவ்வொரு பாகத்தின் எண் ஆகியவை விடுதியின் கையில் இருக்க வேண்டும். ஓர் உதிரி இன்வெர்ட்டர், இரண்டு மூன்று பேனல், இடிதாங்கு சாதனங்கள், ஃபியூஸ்கள், விசிறிகள், ஒரு டஜன் இணைப்பிகளும் அவற்றை அழுத்தும் அதே நிறுவனத்துக் கருவியும் கிடங்கில் இருக்கட்டும். படகு வாரக்கணக்கில் வராத பருவம் உண்டு.

பேனலைக் கழுவ ஆலையின் நன்னீர், மெத்தென்ற தூரிகை, விடியற்காலை. வெயிலேறிய கண்ணாடியில் குளிர்நீர் ஊற்றினால் விரிசல் விடக்கூடும். மழைக்காலத்தில் பறவை எச்சத்தை மட்டும் துடைத்தால் போதும்; விட்டுவைத்தால் அந்தச் சின்னத் திட்டுக்கு அடியில் செல் சூடாகி நிரந்தரமாகப் பழுதாகும். மாதம் ஒருமுறை ஒவ்வொரு வரிசையின் மின்னோட்டத்தையும் ஒரே நேரத்தில் அளந்து ஒப்பிடுங்கள். மற்றவற்றைவிடப் பத்து சதவீதம் குறைந்த வரிசையில் இணைப்பி, நிழல், எச்சம் என்ற வரிசையில் தேடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மை கோடுகளையும் எர்த் இணைப்புகளையும் பார்த்து, புயல் பருவம் தொடங்கும் முன் எல்லா போல்ட்டையும் டார்க் ஸ்பானரால் மறுபடி சரிபாருங்கள்.